சாலையில் ஓடும் பிக்கப்புக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்? காம்ப் கேம்ஸ் எக்ஸ்இ256எச் மதிப்புரை

ஷெவர்லேயின் 350 கன அங்குல எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க முனைபவரை முதலில் திணறடிப்பது, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டின் (சுருக்கமாகக் கேம்) பட்டியல்தான். 1955இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய ஸ்மால் பிளாக் எஞ்சின் குடும்பத்தில், 4.00 அங்குல போரும் (சிலிண்டரின் விட்டம்) 3.48 அங்குல ஸ்ட்ரோக்கும் (பிஸ்டனின் பயணம்) கொண்ட 350 முதன்முதலில் 1967 மாடல் கமாரோவில் வந்தது. அதன் பிறகு கார், வேன், பிக்கப் என்று பல பத்தாண்டுகள் அமெரிக்கா முழுவதும் ஓடியதால், இந்த எஞ்சினுக்குக் கேம் செய்து விற்காத நிறுவனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் பட்டியலிலேயே ஆறு டிகிரி, எட்டு டிகிரி வித்தியாசத்தில் வரிசையாக நிற்கும் கேம்களைப் பார்க்கும்போது, சற்றே பெரியதை எடுத்தால் சற்றே கூடுதல் சக்தி வரும் என்ற எண்ணம் எவருக்கும் எழும். பிக்கப்பைப் பொறுத்தவரை அந்த எண்ணம்தான் ஆளைக் கவிழ்ப்பது. மனம் கேட்கும் அளவைவிட ஒரு படி சிறிய கேமை வாங்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. காம்ப் கேம்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்இ256எச் என்ற கேமை நான் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

வண்டி 1978ஆம் ஆண்டு ஷெவர்லே சி10. டிஎச்350 என்னும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக், அதை எஞ்சினோடு இணைக்கும், தொழிற்சாலையில் வந்த டார்க் கன்வர்ட்டர், பின் அச்சில் 3.08 விகிதக் கிரவுன் பினியன், 235/75ஆர்15 டயர். வார நாட்களில் வேலைக்குப் போய்வரவும், மற்ற நாட்களில் மரம், மண், ஜல்லி ஏற்றவும், எப்போதாவது ஒரு சிறு டிரெய்லரை இழுக்கவும் பயன்படுகிறது. பந்தயம் என்ற பேச்சே இல்லை. எஞ்சினை 0.030 அங்குலம் போர் செய்ததால் கொள்ளளவு 355 கன அங்குலம் ஆயிற்று. நான்கு வால்வுக் குழிகள் கொண்ட தட்டைப் பிஸ்டன், எரி அறை 76 சி.சி. உள்ள பழைய இரும்பு ஹெட், சாதாரண ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, ஏறத்தாழ 8.6 வருகிறது. இந்த 8.6ஐ மறந்துவிட்டுக் கேம் பட்டியலைத் திறக்கவே கூடாது.

தொழிற்சாலை அந்தக் காலத்து 350களில் பெருமளவு பயன்படுத்திய கேமை, பாக எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களால் 929 என்று அழைப்பார்கள். கேமின் லோப் (முட்டை வடிவ மேடு) தூக்கும் லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்த நிலையில் அளந்தால், அந்தக் கேமின் டியூரேஷன் (வால்வைத் திறந்து வைத்திருக்கும் கிராங்க் டிகிரி) இன்லெட்டில் 195 டிகிரி, எக்ஸாஸ்டில் 202 டிகிரி. வால்வுகள் எழும் உயரம் 0.390, 0.410 அங்குலம். ஐட்லிங்கில் தையல் மெஷினைப் போல் சீராக ஓடும், கீழே நன்றாக இழுக்கும், 4000 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும் மூச்சு வாங்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. சுமையை மட்டுமே இழுக்கும் வண்டியாக இருந்தால் 929இன் புதிய நகலையே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் எஞ்சினை முழுதாகப் பிரித்து, ஹெட்டுக்கும் வேலை செய்து, நாலு காற்றுவழி கொண்ட (ஃபோர் பேரல்) கார்புரேட்டரும் வைத்த பிறகு, வால்வை 0.390 அங்குலத்தோடு நிறுத்துவது அந்தச் செலவை வீணடிப்பதாகும்.

மேசைக்கு வந்த போட்டியாளர்கள் நான்கு. முதலாவது எடெல்பிராக் பெர்ஃபார்மர் 2102: 0.050இல் 204/214 டிகிரி (முதல் எண் இன்லெட், அடுத்தது எக்ஸாஸ்ட்), வால்வு உயரம் 0.420/0.442 அங்குலம், இன்லெட், எக்ஸாஸ்ட் லோப்களுக்கு இடையிலான கோணம் 112 டிகிரி. மற்ற மூன்றும் காம்ப் கேம்ஸின் எக்ஸ்ட்ரீம் எனர்ஜி வரிசையில் உள்ள, தட்டை அடி லிஃப்டரோடு ஓடும் ஹைட்ராலிக் ஃபிளாட் டேப்பெட் கேம்கள். எக்ஸ்இ256எச் 212/218 டிகிரி, 0.447/0.454 அங்குலம், எக்ஸ்இ262எச் 218/224 டிகிரி, 0.462/0.469 அங்குலம், எக்ஸ்இ268எச் 224/230 டிகிரி, 0.477/0.480 அங்குலம். மூன்றிலும் லோப் கோணம் 110 டிகிரி. இன்லெட் லோபின் மையம் 106 டிகிரியில் வருமாறு நான்கு டிகிரி முன்னதாகவே கடைந்திருக்கிறார்கள். வால்வு உயரங்கள் எல்லாம் தொழிற்சாலையின் 1.5 விகித ராக்கருக்கானவை (லிஃப்டரின் அசைவைப் பெருக்கி வால்வை அழுத்தும் நெம்புகோல்தான் ராக்கர்).

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் விளம்பர டியூரேஷனை வைத்து இரண்டு நிறுவனங்களின் கேம்களை ஒப்பிடக் கூடாது. லிஃப்டர் எவ்வளவு எழுந்ததும் அளக்கத் தொடங்குகிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எடெல்பிராக் 2102இன் விளம்பர எண் 278. காம்பின் 256ஐவிட அது பெரிய கேம் என்று தோன்றும். 0.050இல் பார்த்தால் காம்ப் எட்டு டிகிரி பெரியது. அளவுகோல் வேறுபாடு போக மீதமுள்ள வித்தியாசம், லோபின் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைக் காட்டுகிறது. எக்ஸ்ட்ரீம் எனர்ஜி வரிசையின் சாரமே அதுதான்: வால்வைச் சட்டென்று திறந்து, சட்டென்று மூடி, குறைந்த டிகிரிக்குள் அதிக உயரத்தை எட்டுவது. இந்த வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தட்டையான அடி கொண்ட லிஃப்டரின் விட்டம் எவ்வளவோ அந்த அளவுக்கே லோப் செங்குத்தாக இருக்க முடியும். ஷெவர்லேயின் லிஃப்டர் 0.842 அங்குலம், ஃபோர்டு 0.874, கிரைஸ்லர் 0.904. ஆகவே மூன்றில் ஷெவர்லேக்குத்தான் இந்த வசதி குறைவு.

தேர்வின் உண்மையான உரைகல் இன்லெட் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. வேகமாகச் சுற்றும்போது, உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும் காற்று தன் உந்தத்தால் மேலும் கொஞ்சம் நுழைந்துகொள்வதால் இது லாபம். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் இராது. உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் திரும்பவும் அது வந்த குழாயான மேனிஃபோல்டுக்குள் தள்ளிவிடும். விளம்பர டியூரேஷனின் படி, பிஸ்டன் அடிநிலையைத் தாண்டி எக்ஸ்இ256எச் 54 டிகிரியிலும், 262 57 டிகிரியிலும், 268 60 டிகிரியிலும் இன்லெட்டை மூடுகின்றன. மூன்று மூன்று டிகிரிதானே என்று தோன்றும். 5.7 அங்குலக் கனெக்டிங் ராடை வைத்துப் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.48 அங்குலப் பயணத்தில், வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் 256இல் சுமார் 0.54 அங்குலமும், 262இல் 0.60 அங்குலமும், 268இல் 0.67 அங்குலமும் மேலே வந்துவிடுகிறது. அதாவது 268ஐப் போட்டால் ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போன பிறகுதான் அமுக்கமே தொடங்குகிறது.

இதை என் எஞ்சினின் 8.6 கம்ப்ரஷனோடு பொருத்தினால், வால்வு மூடிய பின் எஞ்சும் கம்ப்ரஷன் 256க்கு 7.4, 262க்கு 7.3, 268க்கு 7.15 அளவில் வருகிறது. 256இலேயே இது தாராளம் என்று சொல்ல முடியாது. அதற்கு மேல் போவது இருக்கிற சொற்ப அமுக்கத்தையும் கரைப்பதாகும். இதே எஞ்சினில் 64 சி.சி. எரி அறை கொண்ட ஹெட் இருந்திருந்தால் விகிதம் 9.7க்குப் போயிருக்கும், 262ஐ நான் மறுபேச்சின்றி எடுத்திருப்பேன். பழைய 76 சி.சி. ஹெட்டோடு பெரிய கேமை மணமுடித்துவிட்டு, சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி நகர மறுக்கிறது, கார்புரேட்டரில்தான் கோளாறு என்று அதன் ஜெட்டை (எரிபொருளை அளந்துவிடும் துளை) மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பழியெல்லாம் கார்புரேட்டருக்கு, வினையோ கேமில்.

அடுத்த கேள்வி, வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த ஆர்.பி.எம்.மில் கழிக்கிறது என்பது. 235/75ஆர்15 டயரின் உயரம் 28.9 அங்குலம். 3.08 கிரவுனோடு மூன்றாம் கியரில் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டரில் போனால் எஞ்சின் சுமார் 2330 ஆர்.பி.எம்.மில் சுற்றும். 256, 262 இரண்டுக்குமே இது சரிவரும். ஆனால் எரிபொருளை மிச்சப்படுத்த 700ஆர்4 நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கை மாற்றிப் பொருத்துபவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் ஓவர்டிரைவ் விகிதம் 0.70, அதே 65 மைலில் எஞ்சின் 1630 ஆர்.பி.எம்.முக்கு இறங்கிவிடும். எக்ஸ்இ268எச் வேலை செய்யும் எல்லை என்று பட்டியல் தருவதே 1600 முதல் 5800 வரை. நெடுஞ்சாலை முழுவதும் அந்த எல்லையின் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, சிறு மேடு வந்தாலும் கியர் இறங்கி ஏறும் வண்டியை எவரும் விரும்பமாட்டார்கள். 3.73 கிரவுன் போட்டால் ஓவர்டிரைவில் 1970ஐ ஒட்டி வரும். நிலைமை ஓரளவு தேறும். கேமைப் பெரிதாக்கிவிட்டு அதற்காகக் கிரவுன் பினியனையும், டார்க் கன்வர்ட்டரையும் மாற்றுவது, சட்டைப் பொத்தானுக்காகச் சட்டையையே தைப்பதாகும்.

ஐட்லிங் ஓசையையும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனெனில் பாதிப் பேர் கேம் வாங்குவதே அதற்காக. இணையத்தில் வீடியோக்களைக் கேட்டு, எந்தக் கேம் நன்றாகக் குலுங்குகிறது என்று பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். அந்தக் குலுக்கலுக்குக் காரணம், இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே சமயம் திறந்திருக்கும் ஓவர்லாப். விளம்பர எண்களின்படி 256இல் அது 42 டிகிரி, 262இல் 46, 268இல் 54. எரிந்த வாயு இன்லெட் பக்கம் திரும்பி வந்து புதுக் கலவையைக் கெடுப்பதுதான் அந்த இனிய ஓசை. அதோடு மேனிஃபோல்டின் வெற்றிடமும் குறைகிறது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வெற்றிடத்தால். காலி ரோட்டில் தெரியாது. முழுச் சுமையோடு இறக்கத்தில் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து பிரேக் மிதிக்கும்போது தெரியும். 256 பொருத்திய என் எஞ்சினில் வெற்றிடக் கேஜ் 16 அங்குலப் பாதரசத்தை ஒட்டி நிற்கிறது. ஓசையில் மெல்லிய ஒரு துள்ளல் இருக்கிறது. தெரிந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தார் எழுந்துவர மாட்டார்கள்.

1987 முதல் இந்தப் பிக்கப்புகளில் வந்த, கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் எரிபொருளைத் தெளிக்கும் த்ராட்டில் பாடி இஞ்செக்‌ஷன் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் எரிபொருளை அளப்பதே மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துத்தான். வெற்றிடம் குறைந்தால் எஞ்சின் சுமை இழுக்கிறது என்று எண்ணி எரிபொருளைக் கொட்டும். சிப்பைத் திருத்தி எழுதும் உத்தேசம் இல்லாவிட்டால், அவர்களுக்கு 256கூட வேண்டாம். 112 டிகிரி கோணமுள்ள, 2102 அளவிலான சிறிய கேமே போதும்.

வால்வு உயரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய இரும்பு ஹெட்டில் வால்வுத் தண்டைத் தாங்கும் கைடின் மேல்முனைக்கும், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னருக்கும் இடையே உள்ள இடைவெளி குறைவு. வால்வு முழுதாகத் திறந்த நிலையிலும் ரிட்டெய்னருக்கும் கைடு சீலுக்கும் நடுவே 0.060 அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். கைடைக் கடையாமல் விட்டால் 0.470 அங்குலத்தை நெருங்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. ஷெவர்லேயின் பிற்கால வோர்டெக் ஹெட்டுகளும் இந்த விஷயத்தில் பேர்போனவை. 268இன் 0.480 அங்குலம், ஹெட்டைத் திரும்பவும் லேத்துக்கு அனுப்பச் சொல்லும். 256இன் 0.454 அந்தத் தொல்லையைத் தரவில்லை. ஸ்பிரிங்கை மட்டும் அவசியம் மாற்ற வேண்டும். செங்குத்தான லோபின் மேல் பழைய, தளர்ந்த ஸ்பிரிங்கை நம்பினால் லிஃப்டர் லோபை விட்டு எகிறும். நிறுவனம் அந்தக் கேமுக்கென்று பரிந்துரைக்கும் ஸ்பிரிங்கையே வாங்குவது நல்லது.

கேமும் லிஃப்டர்களும் ஒரே கிட்டாக வாங்குவதில் ஒரு காரணம் இருக்கிறது. ஃபிளாட் டேப்பெட் என்று பெயர் இருந்தாலும் லிஃப்டரின் அடி உண்மையில் தட்டையல்ல. நடுவில் மிக மிக மெல்லிய மேடு உண்டு. லோபின் முகமும் லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஓடும்போது லிஃப்டரைத் தன் அச்சில் சுழலச் செய்கின்றன. சுழலாத லிஃப்டர் ஒரே இடத்தில் உராய்ந்து, லோபை மழித்து, அந்த இரும்புத்தூளை எஞ்சின் முழுவதும் பரப்பிவிடும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு லிஃப்டர்களின் அடிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விளக்குக்கு நேரே பிடித்தால், ஓரங்களில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். விரலால் அழுத்தினால் லேசாக ஆட வேண்டும். என் கிட்டின் 16 லிஃப்டர்களையும் இப்படிப் பார்த்தேன், எல்லாமே ஆடின. எண்ணெய் பூசி அதனதன் துளையில் இறக்கி, கிராங்கைக் கையால் சுற்றியபோது ஒவ்வொன்றும் சுழல்கிறதா என்று மேலே மார்க்கர் கோடு போட்டும் பார்த்துக்கொண்டேன்.

கேமோடு ஓர் அட்டை வருகிறது. அதில் வால்வுகள் திறந்து மூடும் டிகிரிகள், லோப் உயரம், இன்லெட் மையம் எல்லாம் அச்சாகியிருக்கும். டைமிங் செயினின் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் மூடிவிடுகிறார்கள். கிராங்கில் டிகிரிச் சக்கரத்தை மாட்டி, பிஸ்டன் ஸ்டாப்பால் மேல்நிலையைக் கண்டுபிடித்து, லிஃப்டரின் மேல் டயல் கேஜ் வைத்து அளந்து பார்ப்பது ஒரு பிற்பகல் வேலை. அட்டையில் 106 என்று இருந்த இன்லெட் மையம் எனக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் வந்தது. செயினின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால் இது நல்ல துல்லியம். மூன்று சாவிப் பள்ளங்கள் கொண்ட கிராங்க் பல்சக்கரம் வாங்கியிருந்தால் நான்கு டிகிரி முன்னும் பின்னும் நகர்த்தலாம். இந்தக் கேமுக்கு அதற்குத் தேவை எழவில்லை.

ஃபிளாட் டேப்பெட் கேமின் ஆயுள் முதல் அரைமணி நேரத்தில் முடிவாகிறது. லோப்களிலும் லிஃப்டர் அடியிலும் கிட்டோடு வரும் கருநிறப் பசையைப் பூசி, எஞ்சினை உயிர்ப்பித்தவுடன் ஐட்லிங்குக்கு விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். லோபுக்கு எண்ணெய் வருவது கிராங்க் வீசியடிப்பதால். ஐட்லிங்கில் அந்த வீச்சு போதாது. ஆகவே இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் மிதவை, ரேடியேட்டர் தண்ணீர் ஆகிய மூன்றும் முன்கூட்டியே சரியாக இருந்து, சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பூசிய பசை வழித்துப் போகும். ஆயிலிலும் அக்கறை வேண்டும். புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்களைக் காப்பதற்காக இக்கால ஆயில்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பைக் குறைத்துவிட்டார்கள். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்னும் ஆயில் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குப் பாஸ்பரஸின் உச்சவரம்பு 0.08 விழுக்காடு. இக்கால எஞ்சின்களுக்கு அது போதும். தட்டை லிஃப்டருக்குப் போதாது. பிரேக்-இன் ஆயில் என்றே தனியாக விற்பதை முதலில் ஊற்றி, பிறகும் பழைய எஞ்சின்களுக்கான அதிக ஜிங்க் கொண்ட ஆயிலையே தொடர்வது கட்டாயம். இந்தச் சடங்கெல்லாம் வேண்டாம் என்பவர், லிஃப்டரின் அடியில் உருளை உள்ள ரோலர் கேமுக்குப் போகலாம். பழைய பிளாக்கில் அதற்கு இணைப்புச் சட்டம் கொண்ட ரெட்ரோஃபிட் லிஃப்டரும், கேம் முன்னால் நகராமல் தடுக்கும் பட்டனும், வேறு நீளப் புஷ்ராடும் வேண்டும். செலவு பல மடங்காகும். 1996 முதல் பிக்கப்புகளில் வந்த வோர்டெக் 5.7 எஞ்சினில் தொழிற்சாலையிலேயே ரோலர் இருப்பதால், புதிதாக எஞ்சின் தேடுபவர் அங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

சாலையில் 256 நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கிறேன். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலே வண்டி தயக்கமின்றிக் கிளம்புகிறது. தொழிற்சாலைக் கன்வர்ட்டரை மாற்றும் அவசியம் நேரவில்லை. 2000 முதல் 4000 வரை இழுவை தடங்கலில்லாமல் ஏறுகிறது. பிக்கப்புக்கு வேண்டியதும் அந்த எல்லைதான். முன்பு கியர் இறங்கி முனகிய மேடுகளை இப்போது மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. 4800ஐத் தாண்டினால் சத்தம் கூடுகிறதே ஒழிய வேகம் கூடுவதில்லை. பட்டியல் 5200 வரை என்கிறது, இந்தப் பழைய ஹெட்டின் குறுகிய போர்ட்டுகளோடு அதை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. செங்குத்தான லோப் கேம்கள் எல்லாவற்றுக்கும் இயல்பான ஒரு மெல்லிய டேப்பெட் தட்டல் இதிலும் உண்டு. வால்வு சட்டென்று இருக்கையில் அமர்வதால் வரும் ஓசை அது. ராக்கரின் தளர்வு (பிளே) பூஜ்யமான பிறகு அதன் நட்டை அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை இறுக்கிச் சரியாக வைத்திருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஓசையே கூடாது என்பவருக்கு எடெல்பிராக் 2102இன் மென்மையான சரிவு பிடிக்கும்.

வாரம் தவறாமல் கனமான டிரெய்லர் இழுப்பவர்களும் 2102ஐ எடுக்கலாம், அல்லது காம்பிலேயே 206/212 டிகிரி கொண்ட எக்ஸ்இ250எச்சை எடுக்கலாம். 9.5க்கு மேல் கம்ப்ரஷனும், 3.73 கிரவுனும், கையால் போடும் கியர்பாக்ஸும் உள்ளவருக்கு 262 பொருந்தும். 268ஐ, இரும்பு ஹெட்டும் தொழிற்சாலைக் கன்வர்ட்டரும் உள்ள எந்தப் பிக்கப்புக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். என்னுடையதைப் போல 8.5ஐ ஒட்டிய கம்ப்ரஷனும், ஆட்டோமேட்டிக்கும், 3.08 அல்லது 3.42 கிரவுனும் உள்ள 350 என்றால் 256ஐ வாங்கலாம். அதற்குரிய ஸ்பிரிங்கையும், இரட்டை ரோலர் டைமிங் செயினையும், பிரேக்-இன் ஆயிலையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.